மங்கலத்துக்கு ஒரு கரண்டி

கணக்குப் பிழைத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கைச் சரியாகப் போட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில்தான் மகளும் மருமகனும் குடியிருக்கிறார்கள். ஒருமுறை யாழ்ப்பாணம் போகும்போது, மருமகன் தன் மீன்தொட்டியை என் பொறுப்பில் விட்டார். சீதனம் என்று வாயே திறக்காத பிள்ளை என்னிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி அது. (அவருக்காக என் உயிரையே கொடுத்திருப்பேன். கொடுக்கப் பார்த்தது மீன்களின் உயிரை.)

தொட்டிச் செடிகளுக்கு உரத்தூள் போட வேண்டும். நூறு லீற்றர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி என்று போத்தலில் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் மனைவியின் தையல் நாடாவால் நீளம், அகலம், உயரம் அளந்து, பெருக்கி, ஆயிரத்தால் பிரித்தேன். ஐம்பத்து நான்கு லீற்றர். கல், மணல் போக ஐம்பது. ஆக, கால் கரண்டி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ நூறு ரூபாய் கொடுத்தால் நூற்றொன்றாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். உயிருள்ள செடிக்கு மட்டும் குறைப்பதா? பிள்ளையாரை நினைத்து ஒரு கரண்டி கூட்டிப் போட்டேன்.

பின்னேரம் மருமகனுக்குப் பெருமையாக போன் எடுத்தேன்.

"எவ்வளவு போட்டனீங்கள், மாமா?"

"ஒண்டேகால் கரண்டி, தம்பி."

"கால் எண்டெல்லோ வரவேணும்?"

"கால்தான் வந்தது. மங்கலத்துக்கு ஒண்டு கூட்டினனான்."

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அப்பா, மீனுக்கு என்ன கலியாணமே?"

ஐந்து மடங்கு! "பயப்பிடாதேங்கோ மாமா," என்றார் மருமகன். "பாதித் தண்ணியை எடுத்திட்டு, பெரிய பிளாஸ்டிக் பரலில பிடிச்சு வைச்ச தண்ணியை விடுங்கோ. நாளைக்கும் ஒருக்கா மாத்துங்கோ."

எட்டு மீன்களும் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தேவாரம் சொல்லி இறைத்தேன். வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, எடுக்கேக்கையும் ஒரு வாளி கூட எடுங்கோ. மங்கலமா இருக்கும்."

விடிந்ததும் படியேறிப் போய்ப் பார்த்தேன். தீனியைத் தூவ, எட்டும் ஓடிவந்தன. மூன்று தரம் எண்ணினேன். எட்டேதான். அங்கேயே தரையில் அமர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மீன்கள் பிழைத்தன, மரியாதையும் பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து பிறசருக்கு நான் விழுங்கும் குளிசைப் பெட்டியில் மகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறாள்: "காலையில் ஒன்று. கூட்டக் கூடாது, அப்பா."