நாலாவது கரை

எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் எந்த இடத்திற்குள்ளும் நேராக நுழைந்தறியாத மனிதர் சுத்து நானா ஒருவர்தான். களப்பில் தோணி விடுகிறவர்கள், பழக்கமில்லாத தீவென்றால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டே இறங்குவார்கள். அவசரத்துக்கு எந்தப் பக்கத்தால் வெளியேறலாம் என்று தெரிய வேண்டுமே. நானா அந்தப் பழக்கத்தைத் தரையிலும் விடவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் புதிதாகத் திறந்த ஹார்ட்வெயார் கடையைச் சுற்றினார். பின்பக்கம் நின்ற நாய்க்கு அது பிடிக்கவில்லை. புத்தளத்தில் ஒரு கலியாண மண்டபத்தைச் சுற்றி முடித்து வாசலுக்கு வந்தபோது, மாப்பிள்ளையே சாப்பிட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ரிஸ்னாவுக்குக் கொழும்பு கொம்பனித்தெருவில் மாப்பிள்ளை பேசினார்கள். பெடியன் நல்லவன், ரிஸ்னாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கலியாணம் முடிந்தால் அவள் அங்கேதான் இருக்க வேண்டும். உம்மா வாப்பாவை விட்டு ஒரு நாளும் தங்கியறியாத பிள்ளை. நானா போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லும் வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. கொழும்பு எனக்குப் பழக்கம் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் வாப்பா போனில் பெருமையாக ஒரு தகவல் சொன்னார்: "எங்கட ஏரியாவுக்கு இங்கிலீஷ்ல தீவு எண்டுதான் நானா பேரு!"

சொல்லியிருக்கக் கூடாது.

உச்சி வெயிலில் ஓட்டோவால் இறங்கியதும் நானா சாரனை மடித்துக் கட்டினார். "தம்பி, மொதல்ல சுத்துவம்."

ஒரு பக்கம் பேரை வாவி என்ற ஏரி வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கரைதான்" என்று ஒப்புக்கொண்டார். அடுத்த திருப்பத்திலும் வாவி, அதற்கடுத்ததிலும் வாவி. அங்கே அன்னம் போலச் செய்த பெடல் தோணிகளில் காதலர்கள் மிதந்தார்கள். நெடுநேரம் பார்த்தார். "இதுல வல போட ஏலா," என்றார்.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் வாப்பா. "நானா, சஹன்ல போட்ட சோறு ஆறுது! எங்க நிக்கிறீங்க?"

"வாறம், வாறம். தீவு இன்னம் முடியல்ல."

வானம் முட்டும் கட்டடமொன்றின் மதிலோரம் செக்கியூரிட்டிக்காரர் மறித்தார். "ஐயா என்ன தேடுறீங்க?"

"நாலாவது கரைய."

அவர் சற்று யோசித்தார். "பேஸ்மெண்ட்ல கேட்டுப் பாருங்க."

கடைசியில் பெரிய தெருவுக்கு வந்து சேர்ந்தோம். பஸ்கள் புகை கக்கிக்கொண்டு போயின. நானா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார்.

"இந்தப் பக்கம் தண்ணியே இல்லயே தம்பி."

"பேருதான் நானா தீவு. இது தீவில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். "தண்ணி எண்டா தோணி வேணும், காத்தும் சரிவர வேணும். இது ரோட்டு. புள்ளக்கி மனசு சரியில்லாட்டி, ஆரையும் கேக்காம பஸ் ஏறி வந்திரலாம்."

அவர் எழும்பிப் போய் ஆறிய சோற்றைச் சாப்பிட்டு, சம்மதம் சொன்னார். வீடு மாடியில் இருந்ததால் அதைச் சுற்ற வழியில்லை.

ரிஸ்னா இப்போது அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். கொழும்பு பஸ் கற்பிட்டிக்கு வந்து நின்றதும், நானா ஒவ்வொரு யன்னலாகப் பார்த்தபடி அதை ஒருமுறை சுற்றுவார். டிரைவர்மாருக்கும் அது பழகிவிட்டது. அவள் வராத நாள்களிலும் சுற்றுவார். அந்த நாள்களில் நான் அங்கே நின்றால், அவரோடு சேர்ந்து நானும் சுற்றுவேன்.