இரண்டு பெட்டி ரீஸ்லிங்

வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஒரு மனிதரை நான் குடிகாரராக்கினேன். அதற்கு எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அந்த வாக்கியம் பொய் என்று அரை மணி நேரத்திலேயே சந்தேகமில்லாமல் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சக் கதையில் சிரிப்பு வருகிற இடங்கள் உண்டு. சிரிக்கலாம், என்னைப் பார்த்து.

இலங்கையில் சண்டை முடிந்த சில வருடங்களில் கற்பிட்டிக் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். நான் சிலாபத்தான், கற்பிட்டியில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து அங்கேயே வீடு கட்டி ஓய்வு பெற்றவன். ஒரு ஹோட்டல் முதலாளி, நீர்கொழும்புச் சிங்களவர், மெனு எழுதவும் வேலையாட்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவும் என்னை வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் நானே என்னை வைன் நிபுணராகவும் நியமித்துக்கொண்டேன். (தகுதிகள்: சிறுவயதில் தேவாலயப் பூசைக்கு உதவி செய்தபோது சுவாமியார் பார்க்காத நேரம் நக்கிய ஒரு துளி, நத்தாருக்கு மனைவி உலர்ந்த முந்திரிகைப் பழத்தில் போடும் வைன், முதல் இருபது பக்கங்கள் கிழிந்துபோன ஒரு பழைய கைநூல்.)

ஸ்டோர் றபீக்கின் பொறுப்பு. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். குரல் நல்லது என்பதால் தங்கள் குடியிருப்புப் பள்ளிவாசலில் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்பவர். குடிக்காதவர் கையில் சாவி இருந்தால்தான் தனக்கு நிம்மதி என்று வைன் அலுமாரியையும் முதலாளி அவரிடமே ஒப்படைத்திருந்தார். றபீக்குக்கு அது பிடிக்கவில்லை. "பாரம் தூக்குறன், பூட்டுறன். அதுக்கு மேல எனக்கும் அதுக்கும் கதையில்ல சேர்," என்பார்.

ஒருநாள் ஜெர்மனியிலிருந்து, சுற்றுலாக் கூட்டங்களை அனுப்பும் கம்பனிக்காரர் பன்னிரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த பருவம் முழுக்க அறைகள் நிறையும். மரியாதைக்காக அவர்கள் நாட்டு வைனே இரண்டு பெட்டி வந்தது: ரீஸ்லிங். அது ஒரு வெள்ளைத் திராட்சையின் பெயர். காலையில் ஸ்டோருக்குப் போனபோது றபீக் ஒரு பெட்டிப் போத்தல்களை ஐஸில் வைத்துவிட்டு மற்றதை மூலையில் ஒதுக்கியிருந்தார்.

"இதையேன் தள்ளி வச்சிருக்கிறீங்க?"

"அது வேற சாமான் சேர். சாப்பாடு முடிஞ்சாப் பிறகு குடுக்கிறது."

"ரெண்டிலயும் ரீஸ்லிங் எண்டுதானே போட்டிருக்கு?"

"பேர் ஒண்டுதான். லேபிள்ல இருக்கிற நம்பரப் பாருங்க. இதில பன்னிரண்டு, அதில எட்டு. போன மாசமும் எட்டு போட்டது வந்திச்சு. மீனோட எடுத்தவங்க அப்பிடியே திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில வட்டிலப்ப இனிப்போட எடுத்தவங்க முடிச்சிட்டாங்க."

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களோ?"

"அஸ்தஃபிருல்லாஹ். திரும்பி வாற போத்தலப் பாத்துச் சொல்றன் சேர்."

நான் சிரித்தேன். "ஒரே திராட்சை றபீக். நம்பர் சும்மா விலைக்காகப் போடுறது," என்று சொல்லி இரண்டு பெட்டிகளையும் ஒரே ஐஸ் தொட்டியில் கலந்தேன். (போத்தல்களின் லேபிள்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினேன். அதில் எனக்கு நல்ல கவனம்.)

நண்டும் பாரை மீனும் மேசைக்கு வந்தன. நான் எழுந்து, ஜெர்மன்காரர்களுக்கு ஜெர்மன் திராட்சையைப் பற்றி ஏழு நிமிடம் பேசினேன். உடப்புக்குப் போய் மீனவர்களைக் கூட்டி வைத்து, வலை என்றால் என்ன என்று விளக்குவதற்குச் சமம் அது. இனிப்பே இல்லாத வைன், கடற்காற்றுப் போலச் சுத்தமானது என்று முடித்தேன். ஒரு மேசை தலையாட்டியது. பக்கத்து மேசையில் நண்டுக் காலைப் பிடித்த கைகள் அப்படியே நின்றன. ஒருவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது தேன் மாதிரியல்லவா இருக்கிறது?" என்றார்.

முதலாளி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனார். இரண்டு மேசைக் கிளாஸ்களிலும் வாய் வைத்தேன். ஒன்று தேசிக்காய்ப் புளி, மற்றது சீனிப் பாணி. என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். என் உத்தியோகம், என் ஏழு நிமிடம், மனைவி இஸ்திரிக்கை போட்டுத் தந்த கழுத்துப்பட்டி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. போத்தல்களின் மூடிகள் திருகித் திறந்து திரும்ப மூடக்கூடியவை. அது எனக்குப் போதும்.

"ஸ்டோரில் யாரோ குடித்துவிட்டுச் சீனித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்," என்றேன்.

யாரோ என்றுதான் சொன்னேன். சாவி ஒருவரிடம்தான் இருந்தது.

றபீக்கைக் கூப்பிட்டார்கள். அவருடைய சிங்களம் சந்தைச் சிங்களம், பதற்றத்தில் அதுவும் போய்விட, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "காலையிலயே சொன்னேனே சேர். நீங்கதானே ரெண்டையும் கலந்தீங்க. அவருக்குச் சொல்லுங்க."

என்ன சொல்கிறார் என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

"மறுக்கிறார்," என்றேன்.

றபீக் சாவியை நண்டுக் கோதுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

சாப்பாடு முடியும் தறுவாயில், கூட்டத்தில் மூத்த ஜெர்மன் அம்மா ஒருவர் என்னைப் பக்கத்தில் இருத்தினார். கோபமே இல்லை. ஒரே ரீஸ்லிங்கில் புளிப்பானது, அரை இனிப்பானது, தேன் போன்றது, நுரைப்பது என்று பலவகை உண்டு என்றார். பழத்தின் சீனி முழுவதும் புளித்துச் சாராயமானால் இனிப்புப் போய், சாராய அளவைக் காட்டும் அந்த நம்பர் கூடும். பாதியில் நிறுத்தினால் இனிப்பு நிற்கும், நம்பர் குறையும். தென்னை மரங்களுக்கு நடுவே பிறந்தவன் நான். ஒரே பாளையில் காலையில் இறக்கிய கள் இனிப்பதும் பின்னேரம் அதுவே புளிப்பதும் சிலாபத்தில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும்.

"மிகவும் சுவாரசியம், மேடம்," என்றேன்.

நான் இருந்த இடத்திலிருந்து கேற் தெரிந்தது. சைக்கிளைப் பிடித்தபடி றபீக் இன்னும் அங்கேதான் நின்றார். யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். நான் வட்டிலப்பம் சாப்பிட்டேன்.

அந்த வாரமே கதை அவருடைய குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளைக்கு வேறொருவர் பாங்கு சொல்லட்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகம் அவரிடம் மெதுவாகச் சொன்னதாம். ஹோட்டல் டிரைவர் என்னிடம் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

எட்டு மாதங்களின் பின் ஹோட்டல் என்னையும் நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மனச்சாட்சி வந்தது, அதையும் மறைக்கவில்லை. முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். பழைய விஷயம், விடுங்கள் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரம் றபீக்கின் பள்ளிவாசல் முற்றத்தில் போய் நின்றேன். நிர்வாகத் தலைவரான ஹாஜியாரிடம் அனுமதி கேட்டு, எல்லோருக்கும் முன்னால், பொய் சொன்னது நான் என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். முப்பது வருட வாத்தியார் நிறுத்துவானா? பன்னிரண்டு, எட்டு, புளிப்பு, அரை இனிப்பு, நுரை என்று ஆரம்பித்துவிட்டேன். தொப்பி போட்ட நூறு பேர் வெயிலில் நின்று ரீஸ்லிங்கின் வகைகளைக் கேட்டார்கள்.

ஹாஜியார் கையை உயர்த்தினார். "போதும் சேர். இன்னும் அஞ்சு நிமிஷம் போனா நாங்களும் ரெண்டு பெட்டி எடுப்பிக்க வேண்டி வந்திரும்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நாளைக்கு சுபஹுக்கு றபீக்கே பாங்கு சொல்லட்டும் என்று அங்கேயே முடிவானது.

"வேணாம் ஹாஜியார்," என்றார் றபீக்.

கேற் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். "நான் குர்ஆனத் தொட்டுச் சொன்னன் சேர். எட்டு மாசம் ஒருத்தரும் நம்பல்ல. நீங்க வந்து வைன் கதை சொன்ன உடன நம்பிட்டாங்க. இனி நான் ஆருக்குப் பாங்கு சொல்றது?"

இன்றும் வேறொருவர்தான் சொல்கிறார்.

அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு 'வைன் சேர்' என்று பெயர். "வைன் சேர், இண்டைக்கு இனிப்பா புளிப்பா?" என்று மீன்காரர் கேட்பார். நத்தார் மேசையில் என் மகள் முந்திரிகை வைனை ஊற்றிவிட்டு, "அப்பா, நம்பர் எத்தின?" என்பாள். வீடே சிரிக்கும். றபீக் நுரைச்சோலைச் சந்தையில் மரக்கறி விற்கிறார். நான் அவரிடம்தான் வாங்குகிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் "வைன் சேர் வாறார்" என்று குரல் கொடுப்பார்கள். அவர் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கிப் போடுவார். இதுவரை ஒரு சொத்தை வந்ததில்லை. அவரும் ஒரு தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லமாட்டாரா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"இந்தாங்க சேர்," என்று பையை நீட்டுவார்.