திட்டில் கிடந்த வெள்ளைப் பொருள்

ஹாலிஸ் டிராஸ்க் என்ஜினைப் பின்னோக்கி முழு வேகத்தில் முடுக்கினார். படகு அசையவில்லை. சேறு மட்டும் மேலே வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது.

'வெர்னாவின் பொறுமை' என்ற அந்தப் படகு, துறைமுக வாசல் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. மூடுபனி வேறு. ஃபண்டி வளைகுடாவில் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் மாடி மாடியாக இறங்கும்.

"இன்னொரு தடவ ஊரையே கூப்பிட்டு இழுத்துட்டு வரச் சொன்னீங்க, போட்ட வித்துடுவேன்" என்று போன மாதம்தான் மனைவி வெர்னா சொல்லியிருந்தாள். ஊரில் எல்லா வீட்டையும் போல அவள் அடுப்படியிலும் படகுக்காரர்கள் பேசிக்கொள்கிற ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹாலிஸ் ரேடியோ பாடத்தை யோசித்துப் பார்த்தார். உயிர் போகிற ஆபத்து என்றால் 'மேடே'. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் 'பான்-பான்'. மற்ற படகுகளை எச்சரிக்க 'செக்யூரிட்டே'. மானம் போகும்போது என்ன சொல்வது என்று பாடத்தில் இல்லை.

மைக்கின் மேல் கம்பளிக் காலுறையை மாட்டினார். குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"செக்யூரிட்டே, செக்யூரிட்டே, செக்யூரிட்டே. எல்லாப் படகுகளுக்கும். விவரம் ஆறாம் சேனல்ல."

ஆறுக்கு மாற்றினார். "வாசல் திட்டுல வெள்ளையா ஒரு பொருள் கிடக்கு. யாரும் மோதிடாதீங்க. தோணுச்சுன்னா இழுத்து ஓரமா போடுங்க. ஓவர்."

"என்ன பொருளு?" கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது நண்டுப் படகுக்கார டெல்பர்ட்டின் குரல். எதையோ மென்றுகொண்டே பேசினான்.

"படகு மாதிரி ஒண்ணு."

"ஆளு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஆளு எங்க?"

ஹாலிஸ் இதை யோசித்திருக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் இருந்திருந்தால் திட்டிலேயே ஏறியிருக்க மாட்டார்.

"தண்ணில விழுந்திருப்பான், பாவம்" என்றது இன்னொரு குரல்.

"இல்ல இல்ல. நீந்திக் கரைக்குப் போயிட்டான்" என்றார் ஹாலிஸ் அவசரமாக.

"நீ பாத்தியா?"

"கொஞ்சமா."

"இந்தக் குளிர்ல எவன்யா நீந்துவான்?" என்றான் டெல்பர்ட். "டேய், எல்லாப் போட்டையும் எடுங்கடா. இது மேடே கேஸு. மத்தவங்க சேனல்ல வாய மூடுங்க."

"ஒரு நிமிஷம், நான் வந்து..."

"செக்யூரிட்டே ஆளு, உனக்கும்தான் சொல்றேன். ஒருத்தன் செத்துட்டிருக்கான், நடுவுல வராத."

தன் சாவைப் பற்றிக்கூடத் தன்னைப் பேச விடவில்லையே என்று ஹாலிஸுக்கு வருத்தம். அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பனியில், இறங்குகிற தண்ணீரில், ஊர்ப் படகெல்லாம் பாறைகளுக்கு நடுவே வந்தால் நிஜமாகவே யாராவது சாவான். இல்லாத பிணத்தைத் தேடி.

காலுறையைக் கழற்றினார்.

"இது 'வெர்னாவின் பொறுமை', 'வெர்னாவின் பொறுமை', 'வெர்னாவின் பொறுமை'. ஹாலிஸ் டிராஸ்க் பேசறேன். ஆளும் நான்தான், பொருளும் நான்தான். யாரும் கடல்ல இறங்காதீங்க. வெர்னா, போட்ட வித்துக்க. ஓவர்."

ரேடியோவில் எங்கோ ஒரு கரண்டி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு படகின் பக்கவாட்டில் யாரோ தட்டினார்கள். ஹாலிஸ் எட்டிப் பார்த்தார். தண்ணீரே இல்லை. சிப்பி தோண்டுகிற ஐடா, கணுக்கால் சேற்றில் வாளியோடு நின்றிருந்தாள். இடுப்பில் கை ரேடியோ.

"ஐடா, கிளம்பின போட்டையெல்லாம் திரும்பச் சொல்லும்மா."

"எந்தப் போட்டுண்ணே? நீங்க மொத செக்யூரிட்டே சொன்னதுமே வெர்னா குரலைக் கண்டுபிடிச்சு, வேற சேனல்ல எல்லாரையும் உங்க வீட்டுக்கு மீன் சூப்புக்குக் கூப்பிட்டுட்டா; டெல்பர்ட்டு பேசினதும் உங்க அடுப்படில இருந்துதான். நீங்களா பேரைச் சொன்னா போட்டு உங்களுக்கு, சொல்லலைன்னா டெல்பர்ட்டுக்குன்னு பேச்சு."