வெள்ளை நாயின் மூக்கு

மனிதகுலம் அணுவைப் பிளந்தது, நிலவில் நடந்தது. ஆனால் பிள்ளைகளின் மண்டைக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அளக்கும் மகத்தான வித்தை மட்டும் ராஜபாளையத்துக்காகவே காத்திருந்தது. தென்காசி சாலையிலுள்ள ஒரு மெட்ரிக் பள்ளியில் அதை அரங்கேற்றினார் தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணன்.

'மனத்திறன் சோதனை' ஒரே காலையில் முடிந்தது. ஆறாம் வகுப்பு 'ஒளி', 'நிழல்' என இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக்கு வாய்த்த ஒரே அறிவியல் ஆசிரியர் ஒளிக்கு ஒதுக்கப்பட்டார். நிழலுக்கு அந்த நேரத்தில் 'சுயசிந்தனை' அருளப்பட்டது.

மறுநாளே மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள் மில் தொழிலாளி இசக்கியம்மாள். மகள் மாரிசெல்வியை டாக்டராக்கியே தீருவது என்றிருப்பவள்.

"எம் பிள்ள சயின்ஸ்ல கிளாஸ் பர்ஸ்ட்டு சார். அவள ஏன் நிழல்ல போட்டிய?"

"அது படிச்சு வாங்குன மார்க்கும்மா. இது பிறவித் திறன்" என்ற நவநீதகிருஷ்ணன், பரிவோடு வினாத்தாளை நீட்டினார். ஒரு வெள்ளை நாயின் படம். 'இதில் என்ன குறை?' என்பது கேள்வி.

"உங்க பொண்ணு 'ஒரு குறையும் இல்லை'ன்னு எழுதிருக்கா."

இசக்கியம்மாள் உற்றுப் பார்த்தாள். "நாய் நல்லாத்தான சார் இருக்கு?"

"மூக்குல கருப்பு அடிக்கலைம்மா."

"நம்மூரு நாய்க்கு மூக்கு ரோஸால்ல இருக்கும். நீங்க வளக்கிய நாய்க்கும் அப்படித்தான?"

நவநீதகிருஷ்ணனுக்குத் தெரியாததா? தலைமுறையாக வெள்ளை ராஜபாளையம் நாய் வளர்த்து, மூக்கு கறுத்த குட்டி பிறந்தால் 'கலப்பு' என்று தள்ளிவிடும் குடும்பம் அவருடையது. ஆனால் விடைகள் சென்னையிலிருந்து வந்தவை. சென்னையைத் திருத்த அவர் யார்?

"வீட்டு நாய் வேற, விஞ்ஞான நாய் வேறம்மா."

"அப்ப ஒளிப் பிள்ளைக மட்டும் எப்படிக் கருப்புன்னு எழுதுச்சு?"

"அதுக ஸ்ரீவில்லிபுத்தூர்ல கோச்சிங் போன பிள்ளைக."

"பிறவித் திறனுக்குக் கோச்சிங்கா சார்?"

"பிறந்த பொறவு எப்ப வேணாலும் சேரலாம்."

இசக்கியம்மாள் நாயை விட்டுவிட்டாள். "எல்லாம் கெடக்கட்டும் சார். வாத்தியார் இல்லாம எம் பிள்ள சயின்ஸ் எப்படிப் படிப்பா?"

தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. கடைசியில் இந்த அம்மாளுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டதே.

"படிக்க மாட்டா. சோதனையும் அதத்தான சொல்லுது? வருசக் கடைசியில மார்க்கப் பாருங்க. எம்புட்டுத் துல்லியம்னு தெரியும்."

துல்லியம் பிசகவில்லை. மாரிசெல்வி அறிவியலில் தோற்றாள். கணிப்பு பலித்ததற்காக நவநீதகிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்ட நிழல் பிரிவைத்தான் வரவழைத்தார்கள். அவர்களுக்குத்தான் பாடம் நடத்த ஆள் இல்லை.