சூடானால் நிற்கும்

வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நிற்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது, தெரியுமா? ரேஸ் மைதானத்தில் ஒருநாள் ஓட்டப்போவதாகச் சொல்லிச் சொல்லியே, வீட்டுக் காரின் பிரேக்கையும் ரேடியேட்டரையும் வருஷக்கணக்கில் மாற்றிக்கொண்டிருக்கும் பிரேக் பித்தர்களைச் சொல்கிறேன்.

அப்படி ஒருவர் மைதானத்துக்குப் போனாரா என்று கேட்காதீர்கள். பெரிய ரேடியேட்டர் வரட்டும் என்பார். அது வந்ததும் ஆயில் கூலர் இல்லாமல் எப்படி என்பார். கூலர் வந்தால் பம்பரில் இடம் இருக்காது. பம்பரை அறுத்தால் நம்பர் பிளேட்டுக்கு இடம் இருக்காது. இதற்குள் ரேடியேட்டர் பழைய மாடலாகிவிடும்.

எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். லிஃப்டில் அவரிடம் மாட்டினால் தொலைந்தோம். "வேகமா யார் வேணும்னாலும் போகலாம் சார், நிறுத்துறதுதான் கலை" என்று ஆரம்பிப்பார். நம் மாடி வரும், கதவு திறக்கும், மூடும், மறுபடி கீழே போவோம். பேச்சை நிறுத்தும் கலையை மட்டும் அவர் பழகவில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். அதனால் வீட்டிலேயே ஈரம் அண்டாத அலமாரியில் அந்த ஆயில் பாட்டில் குடியிருக்கிறது. மகளின் பாடப்புத்தகங்கள் பால்கனியில்.

போன மாதம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு டிஸ்க்கும், அதை அழுத்திப் பிடித்து நிறுத்த ரேஸ் காருக்கான பிரேக் பேடும் மாட்டினார். அந்தப் பேடுக்கு ஒரு குணம்: நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். மைதானத்தில் தானாகச் சூடாகும். காய்கறிக் கடைக்குப் போனால்? ஆகாது. ஆகவே தினமும் காலையில் குடியிருப்பைச் சுற்றி, பிரேக்கை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு எட்டுச் சுற்று வருவார். முதல் சுற்றில் சல்யூட் அடித்த காவலாளி மூன்றாவதில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் மகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. எட்டரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வருஷம் முழுக்கப் படித்த பெண். டாக்ஸி கூப்பிடலாம் என்றாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விளைவு, குடும்பமே காரில். அடுத்த வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு, வழியில் இறங்கிக்கொள்ள நானும்.

எட்டு இருபதுக்குத் தேர்வு மையம் கண்ணில் பட்டது. மிதித்தார். மையம் எங்களைக் கடந்து பின்னால் போனது. தையல் கடை தாண்டித்தான் வண்டி நின்றது.

"அப்பா, கேட்டு பின்னாடி இருக்கு!"

"ஒருவழிப் பாதைடா கண்ணா. ஒரு சுத்து வந்துடறேன். சூடாயிடும்." அவள் இறங்குவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"ஏங்க, முன்னாடி குழாய் குழாயா மாட்டியிருக்கீங்களே, அது எதுக்கு?" என்றார் மனைவி.

"காத்து அடிச்சு பிரேக்கைக் குளிர வைக்க."

"சூடானாத்தானே பிடிக்கும்னீங்க?"

"ரொம்பச் சூடானா பிடிக்காதும்மா."

இரண்டாவது சுற்று. சிக்னலில் இரண்டு நிமிடம். குழாய்களின் உதவி இல்லாமலே பிரேக் ஜம்மென்று குளிர்ந்துவிட்டது. மறுபடி தையல் கடை. தையல்காரர் எழுந்து வந்து, "என்ன தைக்கணும்?" என்பதற்குள் வண்டி மறுபடி கிளம்பிவிட்டது. மூன்றாவது சுற்றில் மகள் அழ ஆரம்பித்தாள். மணி எட்டு இருபத்தொன்பது. கேட்டின் ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. மனைவி கையை நீட்டிக் கைப்பிரேக்கை இழுத்தார்.

வண்டி நின்றது. சரியாகக் கேட்டுக்கு எதிரே. அவர் மாற்றாமல் விட்டிருந்த ஒரே பிரேக் அது.

மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவரும் இறங்கி ஓடினார், முன்சக்கரத்துக்கு. குனிந்து உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தவர் முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். "சார், இப்பதான் பதமா சூடாயிருக்கு!"

இந்த இடத்தில் என்னிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். அந்தப் பெண் உள்ளே போனாளா என்றால், போனாள், நன்றாகவே எழுதினாள், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் கேள்விக்கு முன்பாக, "அது எந்த பிராண்டு பேட்?" என்று உங்கள் நாக்கு துறுதுறுத்திருந்தால், தயவுசெய்து உங்கள் வீட்டம்மாவுக்குக் கைப்பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.