வலக்கால் செருப்பில் இறங்கிய அலை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து இருநூற்றுப் பத்து சிமென்ட் மூட்டை. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அப்படிப்பட்ட இடுப்பை வைத்துக்கொண்டு சுமைக்காரன் முற்றத்து வரிசையில் ஒரு மணி நேரமாக நின்றான். கையில் மூடி போட்ட தகர டின். காலில் அவன் மனைவியின் சின்னச் செருப்பு. குதிகால் பாதி வெளியே.

அவனுக்கு முன்னால் நாற்பது பேர். நாற்பது பேர் கையிலும் டின். டின்னுக்குள் அவரவர் வீட்டு வைஃபை பெட்டி. எல்லோரும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல டின்னை மார்போடு அணைத்திருந்தார்கள். சொந்தப் பிள்ளைகள் முற்றத்துச் சேற்றில் உருண்டுகொண்டிருந்தன. அவற்றைத் தூக்க ஆளில்லை.

எல்லாம் அலையடிகள் என்ற சாமியாருக்காக.

அந்தக் குடியிருப்பு முன்பு குளிர்பதனக் கிடங்காக இருந்தது. முதலாளி ஒருவர் அதைத் தடுப்புச் சுவர் வைத்து எழுபது வீடாக்கி வாடகைக்கு விட்டார். சுவருக்குள் இருந்த இரும்புத் தகட்டைப் பிடுங்கினால் செலவு என்று அப்படியே விட்டுவிட்டார். அதனால் வீட்டுக்குள் டவர் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. போன் பேச வேண்டுமென்றால் வைஃபை வழியாகத்தான் பேச வேண்டும். அந்த வைஃபை காலிங்கோ "ஹலோ" வரை ஒழுங்காக வரும். அடுத்த வார்த்தை கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதற்கடுத்தது வராது.

மற்றவர்களுக்கு இது தொல்லை. சுமைக்காரனுக்கு இது சோறு. லாரி நிலையத்து மேஸ்திரி மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டு மறுநாள் வேலையைச் சொல்வார். இரண்டு தடவை அடிப்பார். எடுக்காவிட்டால் அடுத்த ஆள். இந்த மாதம் மட்டும் ஏழு நாள் அப்படிப் போயிற்று. இன்றைக்கு வரப்போகும் அழைப்பு அதைவிடப் பெரியது. நிரந்தரக் குழுவில் ஓர் இடம் காலி. மழையோ வெயிலோ வேலை நிச்சயம். இன்று மாலை எடுப்பவனுக்கு அது.

தினமும் முற்றத்திலேயே மூன்று மணி நேரம் குந்தியிருந்து அழைப்புக்குக் காத்திருக்கலாம் என்று முதலில் பார்த்தான். இடுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான், நான்கு வாரத்துக்கு முன்பு, அலையடிகள் வந்து சேர்ந்தார்.

"அலை கூச்ச சுபாவம் உள்ளது" என்றார் அடிகள். "உங்க பெட்டியில பச்சையும் சிவப்புமா விளக்கு மினுக்குதே, அது விளக்கு இல்ல. அலை அழுவுது. நாலு பேர் கண்ணு பட்டா அழாம என்ன செய்யும்? அதை மூடி வைக்கணும்."

மூடி வைக்க அவரே டின் விற்றார். செம்பு நிறம் பூசிய டின். நகத்தால் சுரண்டினால் உள்ளே பிஸ்கட் கம்பெனிப் படம் தெரியும். யாரும் சுரண்டவில்லை, பக்தியில் நகம் வேலை செய்யாது போலும். விலை ஒரு நாள் கூலி. வாரா வாரம் அலையேற்றம் செய்ய அரை நாள் கூலி.

டின்னுக்குள் வைத்த பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரலும் நின்றுபோயிற்று. கேட்டதற்கு அடிகள் சிரித்தார். "அலை உள்ள பழுத்துக்கிட்டு இருக்கு. பழுக்கட்டும். அவசரப்படுற வீட்டுல அலை வெம்பிப் போயிடும்." தங்கள் வீட்டு அலை வெம்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ள யாருக்கு ஆசை? எல்லோரும் "நல்லா பழுக்குது, நல்லா பழுக்குது" என்றார்கள்.

சுமைக்காரனின் மனைவி மட்டும் சொல்லவில்லை. அவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங்காரி. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டையைப் புரட்டி, எந்தத் தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலை.

"ஏங்க, அந்தப் பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால கெடக்குது. மொதல்ல அதை வெளிய எடுத்து ஒசரத்துல வைப்போம். பேசிப் பாப்போம். சரியாகலன்னா அடுத்தது போன்ல என்ன இருக்குன்னு பாப்போம். ஒண்ணொண்ணாப் பிரிச்சாத்தான் எந்தத் தையல் விட்டிருக்குன்னு தெரியும்."

அவன் அதற்கு என்ன சொன்னான்? வாசலில் பத்துப் பேர் பார்க்க, "சட்டைக்கு பட்டன் எண்ணுறவளுக்கு அலையப் பத்தி என்னடி தெரியும்? வாய மூடிக்கிட்டு இரு" என்றான். பத்துப் பேரும் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை.

இன்று மத்தியானம் டின்னை அவளே எடுத்துக் கொடுத்தாள். "பத்திரமா கொண்டுபோங்க. வழியில தொறந்துடாதீங்க, அலை வெம்பிடும்" என்றாள். மனைவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். டின்னைத் தூக்கியதும் கை ஒரு கணம் தயங்கியது. இருபது வருடம் மூட்டை தூக்கிய கை அது, தராசு வேண்டாம். போன வாரத்தைவிட எடை கூடியிருந்தது. சரி, அலை பழுத்திருக்கிறது என்று கை தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டது. வாசலில் அவன் செருப்பைக் காணவில்லை. தேட நேரமில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் முறை வந்தது.

அடிகள் செம்புக் கம்பிக் கத்தையால் டின்னை மூன்று முறை வருடினார். கண்ணை மூடினார். உதடு துடித்தது. டின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"ஆகா" என்றார். "இத்தனை வாரத்துல இப்படி ஒரு சுத்தமான அலைய நான் கேட்டதில்ல. இந்த வீட்டு மனுசன் புண்ணியவான்."

நாற்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இடுப்பு தானாக நிமிர்ந்தது.

"இப்ப போனை எடு. யாருக்காவது பேசு."

அவன் தங்கைக்குப் போட்டான். "அண்ணே" என்று அவள் கூப்பிட்டது பக்கத்தில் நின்று கூப்பிட்டதுபோல் விழுந்தது. கூட்டம் உருகியது. வரிசையில் நின்ற மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, ஒரு நிமிசம்."

செக்கிங்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் கம்பெனி அளவு நாடா தொங்கியது.

"இந்த டின்னுக்குள்ள இருக்கிறது வழியாத்தான் இப்ப பேச்சு வந்துச்சா?"

"சந்தேகமா, தாயே? காதால கேட்டீங்களே."

"சுத்தமான அலைன்னு சொன்னீங்க."

"நான் சொல்லல. அலை சொல்லிச்சு."

அவள் டின்னை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். கவிழ்த்தாள்.

தரையில் ஒரு செருப்பு விழுந்தது. வலக்கால் செருப்பு. வார் அறுந்து, ஆணி அடித்து, சிமென்ட் படிந்து காய்ந்த செருப்பு. சுமைக்காரனுடையது.

அடிகள் குனிந்து செருப்பைப் பார்த்தார். பாவம், செருப்புக்கு மந்திரம் ஏதும் தயாராக இல்லை. ஆனாலும் தொழில்காரர்.

"ஒழைப்பாளியோட செருப்பு" என்றார். "அதுலயும் அலை எறங்கியிருக்கு, பாத்தீங்களா?"

மருந்துக்கடைக்காரர் சுமைக்காரனின் தோளைத் தொட்டார். "அண்ணே, அந்தச் செருப்பை என்ன வெலைக்குத் தருவீங்க?"

"இடக்கால் செருப்பு இருந்தா எனக்கு" என்றார் லாரி டிரைவர்.

செக்கிங்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "டிரைவர் அண்ணே, செருப்பு அப்புறம். மொதல்ல உங்க டின்னைக் கீழ வைங்க. அந்தக் கோடி வரைக்கும் வெறுங்கையோட போங்க. உங்க அம்மாகிட்ட பேசுங்க."

டிரைவர் போனார். பேசினார். அம்மா அங்கிருந்து திட்டுவது இங்கே வரை கேட்டது.

"டின் இல்லாமலே வருதே" என்றார் டிரைவர்.

"வரத்தானே செய்யும். தலைக்கு மேல வானம் இருக்கு. அதோ டவர் நிக்குது. வைஃபை பெட்டிக்குக் கரண்ட் வேணும். வீட்டுல ஒயரைப் புடுங்கிட்டுத்தானே இங்க தூக்கிட்டு வந்தீங்க? நாலு வாரமா அணைஞ்ச அடுப்பக் கட்டிப்புடிச்சிக்கிட்டு சூடா இருக்குன்னீங்க." அடிகள் பக்கம் திரும்பினாள். "சாமி, நீங்க ஒங்க டின்னோட எங்க வீட்டுக்குள்ள வாங்க. பீரோ பக்கத்துல நின்னு ஒரே ஒரு போன் பேசுங்க. நான் கால்ல விழறேன்."

அடிகளுக்கு அன்று வெளியூரில் அவசர அலை இருந்தது. கம்பிக் கத்தையை அள்ளிக்கொண்டு எழுந்தார். டிரைவர் வழியில் நின்றார். மருந்துக்கடைக்காரர் தன் டின்னை முதல்முறையாக நகத்தால் சுரண்டினார். பிஸ்கட் தின்னும் குழந்தை ஒன்று உள்ளிருந்து சிரித்தது. அதற்குப் பிறகு நாற்பது டின்னும் ஒரே நேரத்தில் அடிகளை நோக்கிப் பறந்தன. மேல்துண்டையும் வசூல் பையையும் போட்டுவிட்டு ஓடினார். அலைகூட அவ்வளவு வேகமாகப் போகாது.

"தலையக் கடவுள் குடுத்தாரோ, அம்மா குடுத்தாளோ" என்றாள் செக்கிங்காரி, கூட்டத்தைப் பார்த்து. "மூட்டை வைக்க மட்டும் குடுக்கல. ஒரு தடவை உள்ளயும் தொறந்து பாருங்க."

வீட்டில் வைஃபை பெட்டி பீரோவுக்கு எதிர்ச் சுவரில், உயரப் பலகைமேல் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. மத்தியானமே மாற்றியிருந்தாள். சுமைக்காரனின் போனை வாங்கினாள். அதில் வைஃபை காலிங் என்ற இடத்திலேயே, முதலில் டவரைத் தேடு என்று போட்டிருந்தது. இல்லாத டவரைத் தேடித் தேடித்தான் இத்தனை நாள் பேச்சு அறுந்திருக்கிறது. முதலில் வைஃபை என்று மாற்றினாள். வேலை அவ்வளவுதான். கம்பிக் கத்தை தேவைப்படவில்லை.

ஏழு பத்துக்கு போன் அடித்தது. சுமைக்காரன் பாயில் படுத்தபடியே எடுத்தான். மேஸ்திரியின் இருமல்கூட முழுசாக வந்தது.

"நாளையிலருந்து நெரந்தரம்டா. அஞ்சரைக்கு கேட்டுல இரு."

"சரிங்க மேஸ்திரி."

போனை வைத்தான். மனைவி ஊசி நூலோடு அவன் வலக்கால் செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்ல பெட்டி" என்றான் அவன். "என்ன தெளிவா கேக்குது."

"ம்."

"இடுப்புகூட இப்ப தேவலாம்."

"ம்."

வாசலில் பத்துப் பேர் பார்க்க வைத்துச் சொன்னதற்கு, அதே வாசலில், அதே பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு. அது இன்னும் பாக்கி.