பதிமூன்றாம் அறையில் முழங்கா வலி

ஏழு ஏஜென்டுகள் வந்திறங்கிவிட்டார்கள் என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. கண்ணுக்குத் தெரியமாட்டார்களாம். தூங்கமாட்டார்களாம். லீவு கேட்கமாட்டார்களாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருந்துகொண்டு ஒரு ஹோட்டலையே நடத்துவார்களாம். நமக்குத் தெரிந்த ஏஜென்டுகள் வீடு தேடி வந்து, நம் டீயைக் குடித்துவிட்டு, நம்மிடமே கையெழுத்தும் வாங்கிப் போகிறவர்கள். இவர்கள் டீகூடத் தொடமாட்டார்கள் என்றதும் எங்கள் முதலாளி உருகிவிட்டார்.

நான் அந்த ஹோட்டலில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறவன். எங்கள் முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனால் பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் கையில் ஏழு ஏஜென்டுகள் சிக்கினால் கேட்கவா வேண்டும்?

கொண்டுவந்தவர் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர். வந்த அன்றே கட்டளைகள் போட்டார். இருபதாம் அறையை யாரும் திறக்கக்கூடாது, அங்கேதான் ஏஜென்டுகள் கூடி ஆலோசிப்பார்கள். துணி அறையில் ஒரு கேமரா மாட்டவேண்டும், அழுக்குத் துணியை வைத்தே விருந்தினரின் மனசை அவர்கள் படிப்பார்கள். முக்கியமாக, யாரும் சந்தேகப்படக்கூடாது.

"சந்தேகப்பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் போலிருக்கிறது!

மறுநாள் முதல் அற்புதம் ஆரம்பமாயிற்று. கூடத்தில் பெரிய திரை. ஒன்பதாம் அறைக்காரர் படி இறங்கி வருகிறார். வாயே திறக்கவில்லை. திரையில் எழுத்து ஓடுகிறது: 'அறை 9. தலகாணி ஒசரம் பத்தல.' மனுஷன் வாயைப் பிளந்தார். "காலையில மனசுக்குள்ள நினைச்சேங்க!" என்றார். அறை துடைக்க வந்த பெண்ணிடம் முனகியதை மறந்தே போனார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கம்பக்கத்து ஹோட்டல்காரர்கள் செக் புத்தகத்தோடு வரிசை கட்டினார்கள்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் அவங்களுக்கே தெரியுதே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்றார். அறைவேலை பார்க்கும் பெண்கள் பதினோரு பேருக்கும் வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடிப்பதாக நோட்டீஸ் ஒட்டினார். மெத்தை விரிப்பை யார் மாற்றுவது? கேட்டேன். எட்டாவது ஏஜென்ட் வரப்போகிறாராம்!

அந்தப் பதினோரு பேருக்கும் தலைவி முதலாளியின் அண்ணி. விருந்தினர் சொன்னதையெல்லாம் பெண்கள் வந்து சொல்லச் சொல்ல, துணி அறையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிவைப்பார். திரையைப் பார்த்தவர் நேரே என்னிடம் வந்தார்.

"இது என் தலகாணிப்பா."

"புரியலக்கா."

"படிச்ச கம்ப்யூட்டர் தலையணைன்னுல்ல எழுதணும்? தலகாணி, ஒசரம், பத்தல... நான் பேசுற மாதிரியே எழுதுறவ. ஏழு பேரும் எங்கிட்டயா எழுதப் படிச்சாங்க?"

"அப்போ கம்ப்யூட்டரே பொய்யாக்கா?"

"யார் சொன்னது? ரூம் காலியானா ஒரு புரோகிராம் எங்களுக்குச் சொல்லட்டும். நாங்க சுத்தம் பண்ணதும் இன்னொண்ணு உனக்குச் சொல்லட்டும். வேற ஒண்ணு சலவைக்காரருக்குச் சொல்லட்டும். மாடி ஏறி இறங்குற என் காலுக்கு நல்லதுதானே? ஆனா சொல்லாததையும் தெரிஞ்சுக்குவேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் ஒட்டுக்கேக்குறான்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு என்னையும் துணி அறைக்குக் கூட்டிப்போய், நோட்டை எடுத்து, கேமராவுக்கு நேராக வைத்துக்கொண்டு, நிதானமாக ஒரு வரி எழுதினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பெரிய காட்சி. முப்பது ஹோட்டல்காரர்கள். பதினோரு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தி அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். திரை மின்னியது: 'அறை 13. பெரியவருக்கு முழங்கா வலி. வெந்நி ஒத்தடம் வேணும்.'

கோட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பெரியவர் யார்கிட்டயும் சொல்லல. ஏஜென்டுகள் அவர் வலியை உணர்ந்துட்டாங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அண்ணி வெந்நீர்ப் பையோடு வந்தார். "நீங்களே உங்க கையால குடுங்கய்யா. பெரியவர் சந்தோஷப்படுவாரு."

கோட்டுக்காரர் கம்பீரமாக மாடி ஏறினார். கூட்டம் பின்னாலேயே போனது. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. அடுத்த கதவு பதினாலு. திரும்பி வந்து எண்ணினார். பன்னிரண்டு, பதினாலு. வெந்நீர்ப் பை கையைச் சுட்டது.

"தம்பி," என்றார் அண்ணி முதலாளியைப் பார்த்து, "நம்ம ஹோட்டல்ல பதிமூணு இருக்கா?"

முதலாளியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இல்லண்ணி. ராசியில்லன்னு நான்தான் வைக்க வேணாம்னேன்."

"இனிமே கட்டப்போற ரூமா இருக்கும்!" என்றார் கூட்டத்தில் ஒரு பக்தர்.

"அதேதான்!" என்று பிடித்துக்கொண்டார் கோட்டுக்காரர்.

அண்ணி என்னிடம் கைநீட்டினார். எல்லாக் கதவுக்குமான சாவியைக் கொடுத்தேன். இருபதாம் அறை திறந்தது. உள்ளே இரண்டு பேர். முன்னால் இருந்த திரையில் அண்ணியின் நோட்டு, எழுத்து எழுத்தாக. ஒருவன் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். இன்னொருவன் கையில் டீ. சுற்றிலும் காலி டீ கிளாஸ்கள்.

"வாங்க ஏஜென்ட்டுங்களா," என்றார் அண்ணி. "மத்த அஞ்சு பேரு எங்க?"

கோட்டுக்காரர் படி இறங்கிய வேகத்தில் கோட்டு மட்டும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. முதலாளி நோட்டீஸைத் தானே கிழித்தார். "மன்னிச்சிருங்கம்மா" என்று பதினோரு பேரிடமும் சொன்னார். அழுத பெண் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

இப்போது எங்களிடம் சாதாரண மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குள் நாலைந்து புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்கின்றன. தப்பும் பண்ணும். அண்ணி பார்த்துத் திருத்துவார். அது கோவித்துக்கொள்வதில்லை. இனிமேல் ராசி பார்க்கக்கூடாது என்று அண்ணி போட்ட நிபந்தனைப்படி பதினாலாம் கதவில் பதிமூன்று என்று பலகை மாட்டியாகிவிட்டது.

ஆனால் அன்றைக்குக் கலைந்து போகும்போது அந்தப் பக்தர் சொன்னதைக் கேளுங்கள்: "பதிமூணு ராசியில்லாத நம்பர். அதான் ஏஜென்டுகளையே கவுத்துருச்சு."

பக்தர் ஐயா, உங்கள் தலைக்குள்ளேயும் ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து சும்மா. பாவம், அவனுக்கும் ஒரு நாளாவது வேலை கொடுங்களேன்!